சவலைப் பிள்ளையின் கணக்கு: தாது வருஷப் பஞ்சமும் சேரிக் குழந்தைகளும்



விக்கிரவாண்டியில் இந்த நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்த அழைத்தபோது, பசியைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். தலித் இலக்கியத்தில் பசி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை வரலாறாக நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம். அதிலும் குழந்தையின் பசிக்கு வரலாறு உண்டு என்பதையே பலர் ஒப்புக்கொள்வதில்லை. மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது, குழந்தைகள் செத்தார்கள் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மூன்று வரிக்குள் யார், எந்த அளவையால் எதை அளந்தார்கள் என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். நம் வீடுகளில் 'சவலை' என்பார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் தாய்ப்பால் நின்றுபோய், மெலிந்து, ஓயாமல் சிணுங்கும் பிள்ளை சவலைப்பிள்ளை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1930களில் கை கால் வீங்கி, தோல் உரிந்து சாகும் குழந்தைகளைப் பார்த்தார். அங்குள்ள கா மொழித் தாய்மார்கள் அந்நோய்க்கு வழங்கிய பெயரையே மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல் கடந்து இரண்டு மொழிகளில் இரண்டு தாய்மார்கள் ஒரே காரணத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவ நூல்கள் எழுதுவதற்கு முன்பே இந்த அறிவு சேரியில் இருந்தது. இல்லாதது சோறுதான்.

இனி 1876க்குப் போவோம். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷம். அடுத்த ஈசுவர வருஷத்திலும் தொடர்ந்து 1878 வரை நீண்டது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நம் பகுதி, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் முதலில் வரவில்லை. ஆனால் திண்டிவனத்துக்கு வடக்கே செங்கல்பட்டு, அதற்கு மேற்கே வடஆர்க்காடு, தென்மேற்கே சேலம். மூன்றும் பஞ்சத்தின் உக்கிரம் கண்ட நிலங்கள்.

தானியமே இல்லாமல் போனதால் மட்டும் மக்கள் சாகவில்லை. வணிகர்களின் கிடங்குகளில் தானியம் இருந்தது. விலை கைக்கு எட்டவில்லை. தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. 1877 சனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை அவர் நடத்திக்கொண்டிருந்தபோது தெற்கே ஜனங்கள் சாலைகளில் விழுந்துகொண்டிருந்தார்கள். செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைப்பதும் மண் வெட்டுவதும் வேலை.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லையேல் இது மெல்லக் கொல்லும் கூலி என்பது அவர் வாதத்தின் சாரம். 1877இன் நடுவில் அரசு ஓரளவு இறங்கிவந்தது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன.

இந்த வாதத்தின் மையத்தில் நின்றது ஆண் கூலியாளின் உடம்பு. பால் வற்றிய தாயும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையும் அதன் ஓரத்தில்தான் நின்றார்கள். அந்தப் பிள்ளை எப்படிச் செத்தது? பட்டினியில் நேராகச் சாகும் குழந்தைகள் குறைவு. உடம்பில் சத்து இறங்கியதும் நோயை எதிர்க்கும் வலு போகிறது. வயிற்றுப்போக்கு வருகிறது; உண்டது ஒட்டுவதில்லை; இன்னும் மெலிகிறது; அடுத்துத் தட்டம்மையோ காய்ச்சலோ முடித்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் காலராவும் பெரியம்மையும் பரவின. 1877இன் பிற்பகுதியில் மழை திரும்பியபோது, பிழைத்துக் கிடந்தவர்களை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டது. கிராமப் பதிவேட்டில் காலரா என்றும் காய்ச்சல் என்றும் எழுதினால், பசி என்ற காரணம் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவுகளில் ஏறக்குறைய பாதியின் பின்னால் ஊட்டக்குறை இருக்கிறது. அன்று அந்தப் பின்னணியை எழுத ஏட்டில் இடமில்லை.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு விதமாகச் சாட்சி சொன்னது. பத்தாண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. பஞ்ச ஆண்டுகளில் பிறந்திருக்க வேண்டிய வயதினர் பெரும் பள்ளமாகத் தெரிந்தார்கள். செத்த பிள்ளைகளும் பிறக்காமலே போன பிள்ளைகளும் சேர்ந்த பள்ளம் அது. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் படங்களில் விலா எலும்பு தெரியும் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

ஏன் முதலில் நம் பிள்ளைகள்? பண்ணையாளுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. வயலில் வேலை நின்ற நாளே மரக்கால் கவிழ்ந்தது. சொந்த நிலம் இல்லை, அடகு வைக்கப் பாத்திரம் இல்லை, சேமிக்கக் குதிர் இல்லை. ஊர்க் கிணற்றில் இறங்க உரிமை இல்லாததால் குடிக்கக் கிடைத்தது குட்டைத் தண்ணீர். காலரா அந்த வழியாகத்தான் வந்தது. கஞ்சித் தொட்டிகளிலும் சமையலுக்கு ஆள் வைப்பதில் சாதி பார்க்கப்பட்டது. ஆகவே சேரிக் குழந்தைக்குப் பஞ்சம் 1876இல் தொடங்கவில்லை. நல்ல மழைக் காலத்திலும் அரை வயிறோடு இருந்த பிள்ளைக்கு, மழை பொய்த்த ஆண்டு மீதி அரை வயிறும் போனது. நீடித்த நெருக்கடி என்று உலகம் சொல்வதற்கு இங்கே பழைய பெயர் சாதி.

அதே ஆண்டுகளில் மராத்தி நாட்டில் வேறொரு காட்சி. ஜுன்னார் பக்கமிருந்து 1877 ஏப்ரலில் சாவித்திரிபாய் புலே தன் கணவருக்கு எழுதிய கடிதம், பஞ்சத்தையும் சத்தியசோதக் சமாஜத் தோழர்களின் நிவாரண வேலையையும் சொல்கிறது. பஞ்சத்தில் தவித்த குழந்தைகளுக்குச் சமாஜம் உணவளித்தது. அரசு கூலியை அளந்துகொண்டிருந்தபோது, ஒடுக்கப்பட்டோரின் இயக்கம் குழந்தையின் தட்டிலிருந்து தொடங்கியது.

பஞ்சம் நம் பகுதியில் விட்டுச்சென்ற அடையாளம் ஒன்று இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாயில், சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பஞ்சம் முடிந்த பிறகு செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவிட்டது. பசிக்கு நிலமே மருந்து என்பதை ஆட்சியே ஒருமுறை ஒப்புக்கொண்டது. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். கூலியின் அளவைக் கூட்டிக் கேட்டதற்குத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர்.

இன்னொரு வழியும் திறந்தது. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அது வளர்ந்தது. இந்த வளர்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, தலித் பெண் சமைத்த உணவை எங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று எதிர்த்தவர்களையும் மறக்கவில்லை. கஞ்சித் தொட்டியின் சாதி, சத்துணவுக் கூடம் வரை வந்து நிற்கிறது.

உலகத்தைப் பாருங்கள். 2024இல் சூடானின் ஸம்ஸம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காசாவிலும் பஞ்சம் என்று முறைப்படி உறுதிசெய்யப்பட்டது. 2009இல் வன்னியில் சிக்கியிருந்த மக்களின் தொகையை இலங்கை அரசு பல மடங்கு குறைத்துச் சொன்னது. கணக்கு குறைந்தால் அனுப்ப வேண்டிய உணவும் குறையும். போரில் தப்பிவந்த ஈழத்து உறவுகள் நம் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலேயே இருக்கிறார்கள். இதை அவர்களிடம் கேட்டறியலாம். டெம்பிளின் காலம் முதல் இன்று வரை, குழந்தையைக் கொல்லும் முதல் ஆயுதம் குறைத்து எழுதப்பட்ட கணக்குதான்.

நம் ஊரில் இன்று அந்தக் கணக்கு எங்கே குறைகிறது? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் இருளர், தலித் பிள்ளைகளின் பெயர் சொந்த ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை சூளையில் இருக்கும். எடை பார்க்கும் நாளில் பிள்ளை ஊரில் இருக்காது. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பள்ளத்துக் குடியிருப்பில் அடுப்பு எத்தனை நாள் எரியாது, குடிநீர் எத்தனை நாள் கலங்கியிருக்கும் என்பது எந்த நிவாரணப் பட்டியலிலும் தனிப் பத்தியாக வருவதில்லை.

மாணவர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். ஒன்று, உங்கள் பாட்டிகளிடம் போங்கள். பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், எந்தக் கிழங்கைத் தோண்டினார்கள், எலி வளையில் எவ்வளவு நெல் எடுத்தார்கள், எந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று தங்கள் பெரியவர்களிடம் கேட்டு வைத்திருப்பதைப் பெயரோடு எழுதுங்கள். இரண்டு, ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையின் நடுச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டக்குறை. அந்தப் பிள்ளை அன்றே மருத்துவமனையில் இருக்க வேண்டும். பெயர், வயது, ஊர், தேதி எழுதி, அந்தப் பட்டியலோடு அங்கன்வாடிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போங்கள். எங்கு வேலைக்குப் போனாலும் அங்குள்ள அங்கன்வாடியில் பிள்ளைக்கு உணவும் எடையும் வேண்டும் என்று கேளுங்கள்.

ஹூப்பரின் படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் இனிப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. சூளையில் இருக்கும் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. அதை எழுதிவிட்டு வருவோம்.