செப்பேட்டில் நான்கு எபிரேயக் கையொப்பங்கள்

திருவையாற்றுக்கு அருகே, காவிரியின் வடகரையில் உள்ளது தில்லைஸ்தானம். அங்குள்ள நெய்யாடியப்பர் கோயில் கல்வெட்டு ஒன்று, விக்கி அண்ணன் என்னும் தலைவனுக்குச் சோழ மன்னனும் சேரமான் தாணு இரவியும் இணைந்து 'செம்பியன் தமிழவேள்' என்ற பட்டம் வழங்கியதைக் கூறுகிறது. அச்சோழன் முதலாம் ஆதித்தன் என்பது அறிஞர் முடிபு. சேரமானோ, திருச்சபை வரலாற்றிலும் இடம்பெற்ற தாணு இரவியே என்பர்.

அவனது ஐந்தாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 849-இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோயிலுக்குக் குடிகளையும் உரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். பழந்தமிழ் நடையில், வட்டெழுத்தில் அமைந்தது அச்சாசனம். பள்ளியையும் அதன் உடைமைகளையும் காக்கும் பொறுப்பு, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதி ஏட்டில் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். சிலர் அரபு எழுத்திலும் சிலர் பகலவி எழுத்திலும் ஒப்பமிட, நால்வர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் பொறித்துள்ளனர். அந்நால்வரும் யூதர். கிறிஸ்தவர் கோயிலுக்குக் கிடைத்த கொடைக்கு யூதர் சாட்சி நின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூதருக்கும் இம்மண் மதிப்பளித்தது. கி.பி. 1000-ஐ ஒட்டி, தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்ட காலத்தில், சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்தான். பகல்விளக்கு, பல்லக்கு, குடை ஆகியன அவற்றுள் சில. வரிவிலக்கும் உண்டு. உலகும் திங்களும் உள்ளளவும் இவை அவர் மரபினர்க்கு உரியவை என்பது ஆணை.

இதற்கு மாறான பக்கமும் வரலாற்றில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொடுமைக்கு அஞ்சிக் கொடுங்கல்லூர் யூதர் கொச்சிக்குக் குடிபெயர்ந்தனர். 1568-இல் அங்கே ஒரு தொழுகைக்கூடம் எழுந்தது. அதையும் 1662-இல் போர்ச்சுக்கீசியப் படையினர் சூறையாடினர். நம் கோயிலுக்குச் சாட்சியாய் நின்ற இனத்தாரின் கோயில், கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியவர் கையாலேயே அழிவுற்றது. இவ்வேதனையை மறைத்து நாம் வரலாறு எழுத இயலாது. அத்தொழுகைக்கூடம் இரண்டே ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டு இன்றும் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. 1948-க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குச் சென்றுவிட்டனர்.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், எக்காலத்தும் எவராலும் யூதர்மீது காட்டப்பட்ட பகைமைக்காக வருந்தியது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் மன்றாட்டை வைத்தார்.

காவிரிக்கரைப் பங்குகளில் ஞாயிறுதோறும் நாம் பாடும் திருப்பாடல்கள் அம்மக்களின் வேண்டுதல்களே. அவர்கள் நூலை நாம் அன்றாடம் கையில் ஏந்துகிறோம். கொல்லத்துச் செப்பேட்டில் அவர்கள் நமக்காக இட்ட ஒப்பத்தையும் நினைவில் ஏந்துதல் நம் கடன்.