தெற்காசிய ஆய்வில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூட்டுறவு

தெற்காசியாவின் மொழிகள், வரலாறு, கலை, சமூகம் ஆகியவற்றைக் கற்கவும் ஆராயவும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. நூல்களைச் சேர்ந்து வாங்குதல், ஒருமுறை அட்டவணைப்படுத்தி எல்லாருக்கும் தருதல், மாணவர்களை அந்தந்த மொழி வழங்கும் ஊருக்கே அனுப்பிப் பயிற்றுவித்தல், நொறுங்கிப்போகும் அச்சுப் பிரதிகளை நுண்படமாக்குதல் ஆகியவை இதன் முக்கியப் பணிகள். 1961இல் நிறுவப்பட்ட 'அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ்' என்னும் இந்தியவியல் நிறுவனம் இதன் நடுநாயகம். மதுரையில் நடந்துவரும் தமிழ்ப் பயிற்சியும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இந்தக் கூட்டுறவோடு நேரடியாகத் தொடர்புடையவை.

கூட்டுறவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எளிய காரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழோ தெலுங்கோ வங்கமோ படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் நான்கு மாணவருக்கானாலும் நாற்பது மாணவருக்கானாலும் ஆசிரியர் வேண்டும், அகராதி வேண்டும், நூலகம் வேண்டும். அந்தச் செலவைத் தனியே தாங்கக்கூடிய பல்கலைக்கழகங்கள் மிகச் சில.

தொடக்கம்

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக இருந்த வ. நார்மன் பிரௌன் (1892–1975) இந்த முயற்சிகளின் முன்னோடி. மதப் பணியாளர் ஒருவரின் மகனான அவர், சிறுவயதில் சில ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவர். அதுவரை அமெரிக்காவில் இந்தியா என்றால் பெரிதும் வடமொழிதான். வேதமும் காவியமும் படிப்பவர்களுக்கு இன்றைய இந்தியாவில் வழங்கும் மொழி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1948இல் பிரௌன் தம் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வட்டார ஆய்வுக்கெனத் தனித்துறை கண்டார். மொழியோடு பொருளியல், அரசியல், மானிடவியல் ஆகியவற்றையும் ஓரிடத்தில் கற்பிக்கும் முறை அங்கிருந்து பிற பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு திடுக்கிட்டு விழித்தது. அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அமெரிக்காவில் அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளுக்குப் பணம் ஒதுக்கியது. பனிப்போரின் அச்சத்தில் பிறந்த பணம் இது. ஆனால் அதைக்கொண்டு படித்தவர்களில் பலர் போரோடு தொடர்பில்லாத பக்தி இலக்கியத்தையும் நாட்டுப்புறக் கதைகளையும் கோயில் கட்டடக்கலையையும் தேடிப் போனார்கள்.

கோதுமைப் பணமும் புத்தகங்களும்

பி.எல். 480 என்ற பெயர் ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். 1954இல் இயற்றப்பட்ட அந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, 1956 ஆகஸ்டில் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. வாங்கிய தானியத்துக்கு டாலரில் அல்லாமல் ரூபாயில் விலை கொடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்க அரசின் கணக்கில் மலைபோலக் குவிந்தது. அதை வெளியே எடுத்துச் செல்ல வழியில்லை. உள்ளூரில்தான் செலவழிக்க வேண்டும்.

1958இல் வந்த ஒரு திருத்தம், இப்படித் தேங்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அந்தந்த நாட்டு நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்ப வழிசெய்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962இல் புதுதில்லியில் அலுவலகம் திறந்தது. அங்கிருந்த இந்தியப் பணியாளர்கள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியாகும் நூல்களைத் தேர்ந்து, திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒரு படி வீதம் வாங்கி, கட்டி, கப்பலேற்றினார்கள்.

இதற்கு முன்பும் நூலகங்கள் சேர்ந்து செயல்பட்டதுண்டு. 1948 முதல் நடைமுறைக்கு வந்த ஃபார்மிங்டன் திட்டத்தில், வெளிநாட்டு நூல்களை எந்த நூலகம் எந்தத் துறைக்கும் நாட்டுக்கும் வாங்குவது என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு நூலின் ஒரு படி எங்காவது ஓரிடத்தில் இருந்தால் போதும். தில்லித் திட்டம் அதற்கு நேர்மாறானது: எல்லாருக்கும் எல்லாம். நாவல், சிறுகதைத் தொகுப்பு, கட்சி வெளியீடு, பாட்டுப்புத்தகம், தல வரலாறு என்று உள்ளூர் நூலகர் ஒதுக்கிவிடக்கூடியவையும் மூட்டையோடு போயின. 1960களின் தமிழ் அச்சுலகத்தை ஆராய்பவர் சில சமயம் சிகாகோவுக்கோ பென்சில்வேனியாவுக்கோ எழுதிக் கேட்க நேர்வது இதனால்தான்.

இத்திட்டத்தில் வெளியே தெரியாத பெரும் உழைப்பு அட்டவணையாக்கம். ஒரு தமிழ் நூலைப் பதிவு செய்யத் தமிழ் தெரிந்த நூலகர் வேண்டும். அத்தகையவர் பல அமெரிக்க நூலகங்களில் இல்லை. ஆகவே ஒருமுறை செய்த பதிவே எல்லா நூலகங்களுக்கும் போனது. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் விதிகளும் ஒன்றாயின: ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ஓர் 'எல்', றகர னகரங்களுக்கும் அடிக்கோடு. மு. வரதராசன் போன்ற பெயரில் 'மு' என்பது குடும்பப் பெயரன்று, தலைப்பெழுத்து என்பதறிந்து 'வரதராசன், மு.' என்று வரிசைப்படுத்தும் வழக்கமும் நிலைபெற்றது. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் பெயர் தவறாகப் பதிவான நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்.

குவிந்த ரூபாய் இரு அரசுகளுக்கும் தலைவலியானது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கான ஒரே காசோலையை இந்திய அரசிடம் கொடுத்து, அதன் பெரும்பகுதிக்குக் கணக்கு முடித்தார். எஞ்சிய தொகையைக் கொண்டு நூல் திட்டம் தொடர்ந்தது. ரூபாய் தீர்ந்தபின் பல்கலைக்கழகங்கள் தம் சொந்தப் பணத்தைக் கட்டி அதைக் கூட்டுக் கொள்முதலாக நடத்திவருகின்றன. இலவசமாக வந்ததை விலை கொடுத்தும் விடாமல் வாங்கினார்கள் என்பதே அத்திட்டத்தின் பயனுக்குச் சான்று.

இந்தியவியல் நிறுவனம்

1961இல் பிரௌன் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இந்நிறுவனத்தை அமைத்தன. இந்தியாவில் முதலில் புனே தக்காணக் கல்லூரி வளாகத்தில் இயங்கியது; பின்னர் தில்லியை அடுத்த குர்கானில் நிலைபெற்றது. அமெரிக்க அலுவலகம் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. உறுப்பினராக உள்ள கல்வி நிறுவனங்கள் இன்று 90 அளவில். இந்தியாவில் ஆய்வுசெய்ய வரும் ஒவ்வொருவரும் ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்துடனோ ஆய்வு நிறுவனத்துடனோ இணைந்தே பணிசெய்ய வேண்டும்.

மொழிப் பயிற்சிக்கு மொழிக்கொரு ஊரை நிறுவனம் தேர்ந்தது: வங்கத்துக்குக் கொல்கத்தா, உருதுக்கு லக்னோ, இந்திக்கு ஜெய்ப்பூர், தமிழுக்கு மதுரை. தமிழைப் பொறுத்தவரை ஊருக்கு வந்து கற்பது வெறும் வசதி அன்று. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு அயலாரைத் திணறவைக்கும். வகுப்பில் 'போகிறேன்' என்று வாய்பாடு படித்தவர், நகரப் பேருந்தில் 'போறேன்', 'போய்ட்டு வர்றேன்' என்பதைக் கேட்கும்போது தான் படித்தது வேறு மொழியோ என்று மயங்குவார். பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணமே எழுதியவர் பென்சில்வேனியாப் பேராசிரியர் ஹரால்ட் ஷிஃப்மன். அவரது விரிவான நூல் 1999இல் வந்தது. புத்தகத்தில் உள்ளதைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்க, மதுரையின் தெருவும் கடையும் வீட்டுத் திண்ணையும் தேவைப்பட்டன.

நிறுவனத்தின் மற்றொரு பெரும்பணி 'இந்தியக் கோயில் கட்டடக்கலைக் கலைக்களஞ்சியம்'. மைக்கேல் மைஸ்டர், எம். ஏ. தாக்கி ஆகியோர் பதிப்பில் 1983இல் வந்த முதல் தொகுதியே தமிழகக் கோயில்களைப் பற்றியது. கி.மு. 200 முதல் கி.பி. 1324 வரை நீளும் அதன் கால எல்லையில் பல்லவர், சோழர், பாண்டியர் எழுப்பிய கற்றளிகள் அடங்குகின்றன. அதற்குப் பின்னணியாக இருந்தது 1960களில் வாரணாசியில் தொடங்கிய ஒளிப்படக் காப்பகம். கோயில்களை முறையாகப் படமெடுத்து, அளந்து, வரைபடமாக்கிச் சேர்த்த அந்தத் தொகுப்பு நிறுவனத்தின் மிகச்சிறந்த கொடை என்பது என் கருத்து. திருப்பணி என்ற பெயரில் பழைய கற்கள் பெயர்க்கப்பட்ட இடங்களில் முந்தைய நிலையைக் காட்ட இத்தகைய படங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை. 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம், அயல்நாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் பதிவுசெய்து கொண்டுபோன ஒலிநாடாக்களின் படிகளை இந்தியாவுக்கே மீட்டுக் கொணர்ந்து வைக்கும் நோக்கம் கொண்டது.

இந்த அமைப்புகளுக்கு வெளியே, ஒப்பந்தமும் அலுவலகமும் இல்லாமல் நடந்த கூட்டுறவும் உண்டு. பெர்க்கிலியிலிருந்த எமனோவும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த பரோவும் சேர்ந்து உருவாக்கிய திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, இந்நிறுவனம் பிறந்த அதே 1961இல் வெளிவந்தது. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை 1930களில் நேரில் கேட்டு எழுதியவர் எமனோ.

ஐயங்கள்

அமெரிக்க ஆய்வாளர்கள் மீதான ஐயம் இந்தியாவில் காரணமின்றி எழவில்லை. பெர்க்கிலியைச் சார்ந்து நடந்த இமயமலை எல்லை நாடுகள் ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் தந்தது 1960களின் இறுதியில் வெளியானபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1971 வங்கதேசப் போரின்போது அமெரிக்கா எடுத்த நிலைப்பாடு கசப்பைக் கூட்டியது. இதிகாசமோ இசையோ படிக்க வந்தவரும் விசாவுக்குக் காத்துக்கிடந்தார்.

நுண்படமும் கோட்டையூரும்

1949இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சிகாகோவில் அமைத்த பொது நூலகக் கிடங்குதான் இன்றைய ஆராய்ச்சி நூலகங்கள் மையம். அதன் கீழ் 1967இல் தெற்காசிய நுண்படத் திட்டம் தொடங்கியது. மட்டமான தாளில் அச்சான செய்தித்தாள்களும் இதழ்களும் படச்சுருளாயின. ஒரு நூலகம் செலவழித்துப் படமெடுத்தால் மற்ற உறுப்பினர்கள் இரவல் பெறலாம்.

இந்தக் கூட்டுறவின் போக்கையே மாற்றிய நிகழ்வு 1990களில் நடந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறிவிடும் நிலை. சிகாகோப் பல்கலைக்கழகம் 1994இல் அதை விலைக்கு வாங்கியது. பழைய வழக்கப்படியானால் அது அப்படியே கப்பலேறியிருக்கும். ஆனால் சென்னையிலேயே நூலகம் அமைத்து, மூலப் பிரதிகளை இங்கேயே வைத்து, நுண்படங்களை மட்டும் சிகாகோவுக்கு அனுப்ப முடிவாயிற்று. அப்பல்கலைக்கழக நூலகர் ஜேம்ஸ் நையின் பங்கு இதில் முக்கியமானது. இந்த முடிவுக்கு முன் நூலுக்கும் அது பிறந்த ஊருக்கும் உள்ள உறவை எவரும் இவ்வளவு மதித்ததாகத் தெரியவில்லை.

அதே சிகாகோவில், 1960களின் தொடக்கத்தில், பழந்தமிழ் இலக்கணம் தேடிப்போன அ. கி. இராமானுஜன் நூலக நிலவறையில் உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். அதன் விளைவான ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வந்து, சங்கக் கவிதையை உலகக் கவிதை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. மைசூரில் பிறந்த தமிழர் தம் மொழியின் பழங்கவிதையைச் சிகாகோ நிலவறையில் சந்தித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனை இணையத்தில் எவரும் தேடும்படி செய்ததும் சிகாகோதான். ரோஜா முத்தையா நூலகம் இப்போது சென்னை தரமணியில் இயங்குகிறது. கோட்டையூரிலிருந்து வந்த மூலப் பிரதிகள் அங்கேதான் இருக்கின்றன.