செவியின் இலக்கணம்

தொல்காப்பியத்தின் மொழிமரபு, எவ்வெழுத்துச் சொல்லுக்கு முதலாகும், எது ஈறாகும் என வரையறுக்கிறது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலாகா; வல்லின மெய் ஈற்றில் நில்லாது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், வடசொற்கள் தமிழில் வருங்கால் அ, இ, உ என்னும் குறில்களுள் ஒன்று முன்னே சேரும் என்றார். அரங்கம், இராமன், உரோமம் என்பன அவ்வாறு அமைந்தவை. இவற்றை நெடுங்காலம் எழுத்திலக்கணமாக மட்டுமே கற்பித்து வந்தோம். இவை செவியின் இலக்கணமும் ஆகும். 'புக்கு' என்றும் 'கப்பு' என்றும் சொல்லும் பாட்டி மொழிமரபைப் படித்தவரல்லர். ஆயினும் அதன் விதியினின்று வழுவவில்லை. மலாய் மொழிக்குச் சென்ற கப்பலும் பெட்டியும் அம்மொழியின் செவிக்கேற்பத் தம் இரட்டை ஒலியை இழந்து நிற்கின்றன.

இச்செவி எப்போது உருவாகிறது? ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் கனடாவிலிருந்து வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. ஆங்கிலம் பேசும் இல்லங்களின் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில், இந்தியிலுள்ள பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் வேறுபடுத்தி உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் பெரும்பாலாரிடம் மறைந்திருந்தது. பீட்டர் யூசிக்கும் பிறரும் 1993இல் காட்டியதோ, ஒன்பது மாதக் குழந்தை தன் மொழியின் ஒலிச்சேர்க்கைக்கு இயைந்த சொற்களையே விரும்பிக் கேட்கிறது என்பது. பேச்சு பிறக்குமுன்பே குழந்தையின் நெஞ்சில் ஒரு மொழிமரபு எழுதப்பட்டுவிடுகிறது.

ஆங்கிலமே வீட்டுமொழியாகிய நம் மாணவன் 'பல்லிக்குப் போனேன்' என்று சொல்லும்போது, அதைக் கவனக்குறைவென்று கருதிச் சிவப்பு மையால் திருத்துகிறோம். அவனுக்குப் பள்ளியும் பல்லியும் ஒரே சொல்லாகவே கேட்கின்றன. (ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் ஆசிரியர் நம்மிடையே பலர் என்பதையும் மறத்தலாகாது.) புலி, புளி, புள்ளி ஆகிய மூன்றும் அவன் செவியில் ஒன்றாயின், உச்சரிப்பு மட்டும் கெடுவதில்லை, மூன்று பொருள்கள் ஒரே ஒலியில் மோதுவதால் புதிய சொல்லும் நினைவில் தங்குவதில்லை. வடமொழி இராமனை ஏற்ற விதியைச் செம்மை என்கிறோம். அதே விதி சிறுவன் நாவில் நிகழ்ந்தால் பிழை என்கிறோம்.

ஆதலால் நாவைத் திருத்துமுன் செவியைப் பழக்குதல் வேண்டும். புலி, புளி, புள்ளி ஆகியவற்றின் படங்களை மேசைமேல் வைத்து, ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, மாணவன் வாய் திறவாமல் உரிய படத்தைத் தொடட்டும். ஒருவர் குரலே போதாது. வேறு வேறு குரல்களிலும் கேட்கச் செய்யலாம். பிழையின்றித் தொடும் நாள் வந்தபின்னரே அவனைச் சொல்லச் சொல்லலாம். எழுத்துத் தேர்வு அதற்கும் பின்னர்.