கணக்கு வராத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையும்

1623 நவம்பரில் ரோமாபுரிப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, இன்றைய கர்நாடகத்திலுள்ள இக்கேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மூட்டை முடிச்சுகளை ஆட்கள் சரிசெய்யும் நேரத்தில் ஒரு கோயில் முகப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். நான்கு சிறுவர்கள் தரையில் நைஸான மணலைப் பரப்பி, கணக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ராகம் இழுத்து ஓர் அடி சொல்லியபடியே விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அதையே பாடி எழுதுவார்கள். இடம் நிறைந்ததும் கையால் அழித்து மறுபடி மணல் தூவல்.

வாத்தியார் பக்கத்தில் இல்லை. யாராவது தப்பாகச் சொன்னால் யார் திருத்துவார்கள் என்று கேட்டார் பயணி. நான்கு பேரும் ஒரே இடத்தில் தப்புப் பண்ண முடியாதே, ஒருவன் விட்டதை இன்னொருவன் பிடித்துக்கொள்வான் என்றார்கள் பையன்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான் என்று தெல்லா வல்லே தன் கடிதத்தில் எழுதி வைத்தார்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இந்த ஏற்பாட்டில்தான் நடந்தன. ஒரே வாத்தியார், அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை, அவனுக்குக் கீழே ஐந்து வயதிலிருந்து பல வயதுப் பிள்ளைகள். மனப்பாடம் செய்ய வேண்டிய எண்சுவடியும் லேசுப்பட்டதல்ல. முழு எண்களோடு நின்றுவிடாமல் பின்னங்களுக்கும் அதில் வாய்ப்பாடு உண்டு. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். இன்றைய குறியீட்டில் முந்திரி என்பது 1/320, காணி 1/80, மா 1/20. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் நிலத்தின் குழிக்கணக்குப் பார்க்கவும் தெரிந்தவனே கணக்குப் படித்தவன். தாளும் பென்சிலும் இல்லாமல், பெரும்பகுதி மனக்கணக்காக! பின்னம் என்றாலே முகம் சுருங்கும் இன்றைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்திலும் பல பிள்ளைகள் திணறத்தான் செய்தார்கள். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து முறை சொல்லும்போது, தெரியாதவன் தெரிந்தவனின் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். பாட்டாகப் பாடியது அழகுக்காக அல்ல, நினைவில் நிற்பதற்காக.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் அங்கே அபூர்வம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்ரோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் தண்டனைகளைப் பற்றியும் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாவது பிள்ளைக்குச் சுழி. மூன்றாவதுக்கு லேசாக ஓர் அடி. அதன்பின் வருகிறவர்களுக்கு அடி ஒவ்வொன்றாகக் கூடும். சோம்பேறிப் பிள்ளையைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டதையும் அவர் எழுதுகிறார். தமிழ்நாட்டில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். அதே அறிக்கையில்தான், முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தன் பாடத்தையும் உறுதிசெய்துகொள்ளும் முறையை மனதாரப் புகழ்ந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்கிறார்.

இங்கிலாந்துக்கு இது கப்பலேறிய கதை எழும்பூரில் தொடங்குகிறது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப்போன பையன்களுக்காக அங்கே அமைந்த அநாதை இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்றவர், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அன்றைய மதராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். திரும்பி வந்து தன் உதவி ஆசிரியர்களை அதே மாதிரி செய்யச் சொன்னார், அவர்கள் மசியவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் சாதித்துக் காட்டினான். 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பேர் வாங்கியது. பின்னால் அவர் பணத்தில் எழுந்த பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரோடு நிற்கிறது.

போன இடத்தில் முறை உருமாறிவிட்டது. பெல்லுக்குப் போட்டியாக லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். அவர் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு: வாசிப்புக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு வேறு பிரிவு. கணக்கு வராதவன் வாசிப்பிலும் மக்கு என்று முடிவுகட்டவில்லை. ஆனால் கணக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளையின் கையில் ஒரு விடைத்தாளைக் கொடுத்தார். எந்த எண்ணோடு எதைக் கூட்டினால் எவ்வளவு என்பது வரை எழுதியிருக்கும். அவன் வாசிக்க வேண்டியதுதான். வாசிக்கத் தெரிந்த எந்தப் பையனும், தனக்குக் கணக்கே தெரியாவிட்டாலும், பிசகாமல் கணக்குச் சொல்லித்தரலாம் என்று லங்காஸ்டர் பெருமையாகவே எழுதினார்.

முறை கெட்டது அந்த இடத்தில்தான். கோயில் முகப்பில் இருந்த நால்வரில் ஒருவன் தடுக்கினால், எங்கே தடுக்கினான் என்பது அடுத்தவனுக்குத் தெரியும். நேற்று அவனே அங்கே தடுக்கியிருப்பான். விடைத்தாள் வைத்திருந்த லண்டன் பையனுக்குத் தெரிந்தது விடை தப்பு என்பது மட்டும். விடைத்தாளின் பேரப்பிள்ளைகள் இன்று ‘கைடு’ என்ற பெயரில் பள்ளிப் பைகளில் பயணம் செய்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று பார்த்து மானியம் தரும் வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிள்ளையின் தோல்வி வாத்தியாரின் வருமானத்தில் கைவைத்தது. வயதுவாரியாக வகுப்பு, ஆளுக்கொரு சிலேட்டு, பார்த்து எழுதினால் தண்டனை என்று பள்ளிக்கூடம் மாறிப்போனது. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பது படிப்பாக இருந்தது. இப்போது அது காப்பியடிப்பது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது பிள்ளைகள் மீண்டும் தரையில், பாய்மேல், வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து வந்த முறை இது; சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஏணிப்படி போல வரிசைப்படுத்திய அட்டைகளில், தனக்குரிய படி எதுவோ அதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு படி பிடிபடாமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஆசிரியரின் முழு உதவியோடு படிக்கிறவர்களுக்கு ஒரு குழு, தானே படிக்கிறவர்களுக்கு ஒன்று. நடுவில், சக மாணவரின் துணையோடு படிக்கிறவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் இருந்தன. அங்கே கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு, அந்தப் படியைச் சற்றுமுன் கடந்திருந்த பிள்ளை சொல்லிக்கொடுக்கலாம். யாரும் அதட்ட மாட்டார்கள்.