தர்ப்பை: நாராயணவனம் வட்டாரத்தில் வளர்ப்பும் பராமரிப்பும்

தர்ப்பை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளால் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும் புல். தருப்பை என்றும் எழுதுவர். ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் நாராயணவனம், புத்தூர், வடமாலைப்பேட்டை ஊர்களைச் சுற்றியுள்ள நிலப்பகுதி இதற்கு ஏற்றது. சடங்குக்கும் கோயில் விழாவுக்கும் இது வேண்டும். வெண்ணிறக் கதிருக்காகவும் சிவக்கும் இலைக்காகவும் பல நாடுகளில் இதை அழகுப்புல்லாக வளர்க்கிறார்கள். வேறு சில நாடுகளில் இது உழவரை வாட்டும் களை. அப்படிப் பரவக் காரணம் அந்த நிலத்தடித் தண்டுதான். அதன் போக்கை அறிந்தவருக்கு வளர்ப்பு எளிது. அறியாமல் திறந்த நிலத்தில் நட்டால் சில ஆண்டுகளில் தோட்டமே புல்லுக்குப் போய்விடும்.

இரண்டு புற்கள்

தர்ப்பை என்ற பெயரில் இரண்டு புற்கள் வழங்குகின்றன. ஒன்று இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. தட்டையான இலை, பஞ்சு போன்று மென்மையான வெண்கதிர், இரண்டு முதல் நான்கடி உயரம். இலையின் நடுநரம்பு வெளிறியிருக்கும். நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கியிருக்கும். இப்புல்லை அடையாளம் காண இதைவிட நல்ல குறி இல்லை. மற்றொன்று டெஸ்மோஸ்டாக்கியா பைபின்னேட்டா. இது அடர்ந்த தூராக எழும்; இலை முரடானது; கதிர் விறைப்பாகப் பழுப்பு நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். உவர் மண்ணையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும். குசை என்று நூல்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆயுர்வேதத்தின் ஐந்து புல்வேர் தொகுதியில் குசையும் தர்ப்பையும் தனித்தனியே எண்ணப்படுவதால், பழைய மருத்துவர்கள் இரண்டையும் வேறாகவே அறிந்திருந்தார்கள் என்று கொள்ளலாம். இந்தக் கட்டுரையின் வளர்ப்புக் குறிப்புகள் முதலாவது புல்லைப் பற்றியவை. இரண்டாவதற்கும் அவை ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அதன் தண்டுகள் இன்னும் ஆழமாக இறங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் தர்ப்பை என்று விற்கும் கட்டுகளில் நாணல் இலையும் கலந்து வருவதுண்டு. நாணல் இலை நீளமானது, நடுநரம்பு தடித்தது. தர்ப்பை கிடைக்காதபோது நாணலைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டென்றாலும், கேட்டு வாங்குபவருக்கு எது என்று சொல்லிக் கொடுப்பதே முறை.

வட்டாரமும் வழக்கமும்

நாராயணவனம் அருணை ஆற்றங்கரையில், புத்தூருக்கு அருகே உள்ள ஊர். 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்து ஒலிக்கின்றன. ஆகாசராசன் மகள் பத்மாவதிக்கும் திருமலைத் தெய்வமான சீனிவாசனுக்கும் திருமணம் நடந்தது இங்கேதான் என்பது மரபு. அந்த நினைவைத் தாங்கும் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

திருமலைப் பிரம்மோற்சவத்தின் கொடியேற்றத்துக்குத் தர்ப்பைப் பாயும் தர்ப்பைக் கயிறும் தேவை. கொடிமரத்தைச் சுற்றிப் பாய் கட்டப்படும். கருடன் உருவம் எழுதிய கொடி தர்ப்பைக் கயிற்றில் ஏறும். கயிற்றின் நீளம் 200 அடியைத் தாண்டும். இவற்றைத் தயாரிப்பது தேவஸ்தானத்தின் வனத்துறை. விஷ்ணு தர்ப்பை என்று வழங்கும் வகையை வடமாலைப்பேட்டை, ஏர்ப்பேடு பக்கத்து வயல் வரப்புகளிலிருந்து அறுத்துவந்து, நாள்கணக்கில் உலர்த்தி, சுத்தம் செய்து, பாய் பின்னிக் கயிறு திரிக்கிறார்கள். பின்னர் இரண்டும் ஊர்வலமாக ரங்கநாயகர் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் சேஷ வாகனத்தில் வைக்கப்படுகின்றன. நாராயணவனத்துக்கு அண்டையில் உள்ள வரப்புப் புல், ஆண்டுதோறும் ஏழுமலை ஏறுகிறது என்பது இந்த வட்டாரத்துக்குப் பெருமைதான்.

ஆனால் எல்லாமே வரப்பை நம்பி இருப்பது சரியல்ல. களைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் பரவுகிறது, வாய்க்கால் கரைகள் சிமெண்ட் பூசப்படுகின்றன, வயல்கள் மனைகளாகின்றன. வரப்பு போனால் புல்லும் போகும். கோயில் நந்தவனங்களில் துளசிக்கும் அரளிக்கும் இடம் இருப்பதைப்போல் தர்ப்பைக்கும் ஒரு பாத்தி இருக்க வேண்டும். காரைக்காலை அடுத்த திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் தலமரமே தர்ப்பைதான். அங்கே புல்லுக்குக் கிடைக்கும் மரியாதை மற்ற இடங்களுக்கும் வரத்தக்கது.

நடவு

விதையிலிருந்து வளர்ப்பது வீண்வேலை. முளைப்பு சீராக இராது; மரபுக் கலப்பும் நேரும். மண்ணுக்கடியில் உள்ள வெண்ணிறத் தண்டைத் தோண்டி, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நான்கைந்து அங்குலத் துண்டுகளாக நறுக்கி நடுவதே வழி. கணுவில்தான் முளை எழும். தண்டின் நுனி ஊசிபோல் கூர்மையானது. வெறுங்கையால் மண்ணைக் கிளறக் கூடாது. தோண்டிய துண்டுகளை வெயிலில் போட்டுவைத்தால் ஒரே நாளில் வாடிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

இந்தப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு கிடைக்கும்; வடகிழக்குப் பருவமழை கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். துண்டுகளைப் படுக்கை வாக்கில் இரண்டங்குல ஆழத்தில், ஓரடி இடைவெளியில் வைத்து மண் மூட வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த நிலம் நல்லது. நீர் தேங்கும் களிமண்ணில் வளர்ச்சி குன்றும்.

நிழலை இப்புல் பொறுக்காது. மாமரத்தடியில் நட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. நாள் முழுவதும் வெயில் விழும் இடம் வேண்டும். கடும் வெயிலிலும் உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை முறை கொண்ட புல் இது. கரும்பும் சோளமும் இதே வகை.

எல்லை கட்டுவது நடவுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றைப் பூமியில் புதைத்து, விளிம்பு தரைக்கு மேல் நான்கு விரல் நிற்கும்படி விட்டு, உள்ளே மண் நிரப்பி நடுவது மிகப் பாதுகாப்பானது. பெரும்பாலான தண்டுகள் மேல்மண்ணிலேயே ஓடுபவை என்றாலும், இரண்டடி ஆழத்துக்குத் தடுப்பு இருந்தால் கவலை இல்லை. மாடித்தோட்டத்தில் அகலத் தொட்டி போதும்.

நீரும் உரமும்

முதல் மூன்று வாரம் மண் காயாமல் நீர்விட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை. சித்திரை, வைகாசியில் நீர் குறைந்து இலை நுனி கருகினாலும் அஞ்ச வேண்டியதில்லை. தண்டு உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும்.

நடும்போது மக்கிய தொழு உரம் இரண்டு கூடை போட்டால் போதும். யூரியா வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை நீளும், ஆனால் துவளும். சடங்கில் விரலில் அணியும் பவித்திரம் முடியவும் கயிறு திரிக்கவும் விறைப்பான இலையே ஏற்றது. முதல் ஆண்டில் அறுகும் கோரையும் ஊடே முளைக்கும். அவற்றைக் கையால் களைய வேண்டும். இரண்டாம் ஆண்டில் தர்ப்பை அடர்ந்து, தானே மற்றவற்றை அமுக்கிவிடும். பூச்சித் தொல்லை குறைவு. இளந்துளிரை ஆடுமாடு மேயும்; முற்றிய இலையின் விளிம்பு அரம்போல் அறுப்பதால் அதை விட்டுவிடும்.

அறுப்பு

முதல் ஆண்டில் அறுக்காமல் விடுவது நல்லது. அந்தக் காலத்தில் புல் தன் உணவை மண்ணுக்கடியில் சேமிக்கிறது. பின்னர் ஆண்டுக்கு இரண்டு அறுப்பு. கருக்கரிவாளால் தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். கையுறை இல்லாமல் பற்றினால் விரல் கிழியும். வேரோடு பிடுங்குவது பாத்தியைக் கெடுக்கும். ஆவணி அமாவாசையில் பறித்த தர்ப்பையை ஆண்டு முழுதும் பயன்படுத்தலாம் என்பது வைதிகர் வழக்கு. அந்த மாதத்தில் இலை நன்கு நீண்டு பசுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கின் பொருத்தம் விளங்கும்.

அறுத்த புல்லை நுனி ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, நிழலில் உலர்த்திக் கட்ட வேண்டும். நுனி முறிந்த இலை சடங்குக்கு ஏற்கப்படுவதில்லை. பவித்திரத்தில் இறப்புச் சடங்குக்கு ஓர் இலை, மங்கலச் சடங்குக்கு இரண்டு, தர்ப்பணத்துக்கு மூன்று என்பது பரவலான கணக்கு. கட்டுகளைத் தரையில் வைத்தால் கரையான் ஏறும். பரணில் தொங்கவிடுவதே நல்லது.

இப்படிச் சேமித்த தர்ப்பையைக் கிரகண நேரத்தில் உணவின்மேல் இடும் வழக்கமும் உண்டு. அதைத் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் ஆய்ந்திருக்கிறார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இலைப்பரப்பில் அடுக்கடுக்கான நுண்ணமைப்பு தெரிந்தது. புளித்த தயிரில் இட்டபோது நுண்ணுயிர்கள் அதை நோக்கித் திரண்டன. அவர்கள் எடுத்துக்கொண்டது குசைப் புல், அதாவது மேலே சொன்ன இரண்டாவது புல்.

அழகுப்புல்லாக

ஜப்பானிலிருந்து பரவிய சிவப்பிலை வகை ‘ரெட் பேரன்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஒன்று, ஒன்றரை அடிதான் வளரும்; இலை நுனியில் தொடங்கும் சிவப்பு, பருவம் முதிர முதிரக் கீழே இறங்கும். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்படி வைத்தால் மிக அழகு. குளிர்ந்த நாடுகளில் காட்டும் நிறத்தை நாராயணவனத்தின் வெப்பத்தில் எதிர்பார்க்கக் கூடாது. இவ்வகை சில வேளை பச்சை இலைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய தூர் வீரியமாகப் பரவும், உடனே தோண்டி எறிய வேண்டும். இங்குள்ளவர்களுக்கு வரப்பில் கிடைக்கும் சொந்தப் புல்லே போதுமான அழகு. தூரை அறுத்துவிட்டால் சில வாரங்களில் ஒரே சீராக வெண்கதிர் எழுவதைக் காணலாம்.

அந்தக் கதிரில் ஆபத்தும் உண்டு. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைக் காற்றில் விடும். அக்கம்பக்கம் வயல் இருந்தால், கதிர் பஞ்சாக விரியுமுன் நறுக்கிவிட வேண்டும். 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த பெட்டிகளில் பொதிபுல்லாக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குள் நுழைந்த இப்புல், இன்று அங்கே சட்டப்படி தடுக்கப்பட்ட களை. மலேசிய ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் இதை லாலான் என்று அறிவார்கள். அதைக் கொல்ல மருந்து தெளித்தவர்களில் நம் பெண்கள் பலர், அவர்கள் உடல்நலம் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இலங்கையில் இலுக்கு என்ற பெயரில் இது கூரை வேயவும் பயன்பட்டது.

நீக்குதல்

பாத்தி வேண்டாமென்றால் எரிக்கக் கூடாது. தீயில் இலை போகும், தண்டு மேலும் வேகமாகத் துளிர்க்கும். ஏர் ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். மாதம் ஒருமுறை அடியோடு அறுத்துக்கொண்டே வந்தால் நிலத்தடிச் சேமிப்பு கரையும். அல்லது கோடையில் மண்ணைத் தோண்டிச் சலித்து, தண்டுகளைப் பொறுக்கிப் பாறைமேல் காயவைக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தில் அகத்தியோ வாழையோ வைத்து நிழல் உண்டாக்கினால், மிஞ்சிய துண்டுகள் தலையெடுக்க மாட்டா. தோண்டிய தண்டுகளைக் குப்பைக் குழியிலோ ஆற்றங்கரையிலோ கொட்டக் கூடாது. முற்றும் உலர்ந்து ஒடிகிற பதம் வந்த பிறகே எருக்குழியில் சேர்க்கலாம்.