இசைச் சேமிப்பும் இழப்பற்ற பதிவும்

எம் இல்லத்து அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கற் ரின் உண்டு. அதனுள் ஒன்பது கசெற்றுகள் இருக்கின்றன. எம் பாட்டனார் ஊர்க் கோயில் திருவிழாக்களிலே பதிந்துவைத்த நாதஸ்வரக் கச்சேரிகள் அவை. முன்னர் அவை பதினாறாக இருந்தன. ஏழினைப் பல்லாண்டுகளுக்கு முன் பெரியப்பா பட்டினத்துக் கடையொன்றிற் கொடுத்துக் கணினிக்கு மாற்றுவித்தார். கடைக்காரர் ஏழு மணி நேர இசையையும் ஓரேயோர் இறுவட்டில் அடக்கித் தந்தார். "இனிக் கசெற் எதற்கு?" என்று பெரியப்பாவும் அவற்றை அங்கேயே விட்டு வந்தார். எதனை நீக்கி அவ்வளவையும் அடக்கினர் என்று அன்று எவரும் கேட்டிலர். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரை.

இறுவட்டு 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் யப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சொனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி அதன் விதிகளை வகுத்தன. ஒலியலையைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுதல் அதன் முறை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதன் இருமடங்கிற்குச் சற்று மேலாக அளந்தாற் போதும் என்பது கணிதம். ஆயினும் 44,100 என்னும் இந்த எண் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் இத்துணை எண்களைத் தாங்குதற்கு வாய்ப்பாகக் கிடைத்தது வீடியோ நாடாவே. அதன் கோடு ஒன்றுக்கு மூன்று அளவாக, 245 கோடுகளில், செக்கனுக்கு 60 தடவை எழுதினர். பெருக்கிப் பார்ப்பின் அவ்வெண்ணே வரும். படத்துக்கென அமைந்த நாடா இசைக்கு அளவுகோல் வகுத்த விந்தை இது!

இடம், வலம் இரண்டும் சேரச் செக்கனுக்கு 1,411,200 பிட். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேலாகும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில் இது தாங்கொணாப் பாரம்.

அப்பாரத்தைக் குறைக்க முற்பட்டவர் ஜேர்மனியர். ஏர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீற்றர் சைற்சர், இசையைத் தொலைபேசி வழியே அனுப்பலாம் என்று ஆக்கவுரிமை கோரியபோது, அது நடவாத காரியமென்று பரிசோதகர் மறுத்தாராம். அவர்தம் மாணாக்கர் கார்ள்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் அதனையே ஆராய்ந்து 1989இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தவில் அதிரும்போது பக்கத்திலிருப்பவர் காதோடு சொல்வது நமக்குக் கேளாது அல்லவா? அவ்வாறு பேரொலியால் மறைக்கப்படும் சிற்றொலிகளை எழுதாது விடுவதே அவர்கள் கைக்கொண்ட உபாயம். சுசான் வேகா என்னும் பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய 'ரொம்ஸ் டைனர்' பாடல் தொடக்கத்தில் மிக மோசமாக ஒலித்தது. அதனையே திரும்பத் திரும்பக் கேட்டு முறையைத் திருத்தினர். 1995 யூலை 14ஆம் திகதி அக்கோப்புக்கு எம்பி3 என்னும் பெயர் முடிவாயிற்று. வழக்கமாகக் கையாளப்பட்ட 128 கிலோபிட் வேகத்தில் அது இறுவட்டின் பதினொன்றில் ஒரு பங்கேயாம்.

பதினொன்றில் பத்துப் பங்கு போயும் இசை இசையாகவே கேட்பது பெருஞ் சாதனை. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் அம்முறை ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி நறுக்கும். ஒரு துண்டின் நடுவே திடீரென்று அடி விழுந்தால், சுருக்கத்தால் எழும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி அடிக்கு முன்னரே மெல்லக் கேட்கும். மேனாட்டார் இக்குறையைக் கஸ்ரனெற் என்னும் கைத்தாளத்தைக் கொண்டு சோதித்தனர். எம் வீட்டில் அதனைக் காட்டிக்கொடுத்தது தவில். பெரியப்பாவின் இறுவட்டிலே தனியாவர்த்தனத்தின் சொற்கட்டுகள் ஈரத் துணி போர்த்தாற்போல் மழுங்கிக் கிடக்கின்றன.

இதனிடையே வேறொரு நெறியும் பிறந்தது. ஜோஷ் கோல்சன் என்பார் 2001இல் வெளியிட்ட ஃபிளாக் எதனையும் நீக்குவதில்லை. முன் வந்த அளவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமையை மாத்திரம் எழுதிவைக்கும். அவ்வேற்றுமையைச் சுருங்க எழுதும் வழி, 1970களில் நாசாவின் விண்கலச் செய்திகளுக்காக றொபேட் றைஸ் கண்டது. கோப்பு பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்களவாகும். விரித்தால் ஒரு பிட்டும் குறையாது. மூல ஒலியின் அடையாள எண்ணும் அதனுள்ளேயே பொறிக்கப்படுவதால், பின்னர் ஏதும் பழுதுற்றாற் சோதித்தறியலாம். 2024 டிசெம்பரில் அது இணையத் தரநிலைகளுள் ஒன்றாகவும் வெளியிடப்பட்டது.

"எம்பி3 செத்துவிட்டதாமே?" என்று சிலர் வினவுவர். 2017இல் அதன் ஆக்கவுரிமைகள் காலாவதியாகி உரிமப்பணம் வாங்குவது நின்றது. அதனைப் பத்திரிகைகள் சில மரணச் செய்தியாக்கின. உண்மையில் அது அன்றுதான் யாவர்க்கும் பொதுவாயிற்று. பூட்டிய கோப்புகளை வாங்கியோரே ஏமாந்தனர். மைக்ரோசொப்ற் தன் இசைக்கடையின் திறவுகோல் தரும் கணினிகளை நிறுத்தப்போவதாக 2008இல் அறிவித்தபோது, காசு கொடுத்து வாங்கிய பாட்டும் புதுக் கணினியிற் பாடாமற் போகும் என்றறிந்து மக்கள் கொதித்தனர்.

320 கிலோபிட் எம்பி3க்கும் மூலத்துக்கும் வேறுபாடு காண்பது பெரும்பாலோர் செவிக்கு அரிது என்பதை ஒப்புகிறோம். கைபேசியிற் கேட்க அதுவே தாராளம். ஆனால் நாளை வேறொரு வடிவம் வரும். அதற்கு மாற்றும்போது ஒரு முறை நறுக்கியதை மறுமுறையும் நறுக்க நேரும். எம்பி3ஐ ஃபிளாக் ஆக்கினாலும் பயனில்லை. கலங்கிய நீரைப் பொற்குடத்தில் ஊற்றினும் தெளியுமா? ஆதலின் வைப்பிற்கு இழப்பற்ற வடிவம், வழிச்செலவிற்குச் சிறிய பிரதி என்று யாம் முடிவு செய்தோம்.

சென்ற விடுமுறையில் ஒன்பது கசெற்றுகளையும் எடுத்தோம். இரண்டிற் பூஞ்சணம், துடைத்து ஓட்டினோம். எட்டுத் தேறின. நாடாவின் இரைச்சல் எவ்வூகத்துக்கும் அடங்காததாதலால் கோப்புகள் நினைத்த அளவு சுருங்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கு மூன்றரை கிகாபைட் ஆயிற்று. ஒரு பிரதி வீட்டில், மற்றொன்று கொழும்பில் மாமாவிடம். பெரியப்பாவுக்கு மாத்திரம் கைபேசியில் எம்பி3 ஏற்றிக் கொடுத்தோம். ஒன்பதாவது கசெற்றின் நாடா நடுவில் அறுந்திருக்கிறது. அதன் கூடு திருகாணியில்லாது ஒட்டப்பட்டதாகையால், உடைத்து வேறு கூட்டில் மாற்றவேண்டும்.