ஒரு ராத்திரித் தாலி

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிப் பாலத்துப் பக்கம் உட்கார்ந்து போனில் மாயாஜாலக் காதல் நாவல் படிக்கிற பிள்ளைகளில் நானும் ஒருத்தன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகள். அவற்றில் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: வீட்டிலோ அரண்மனையிலோ சிதைக்கப்பட்ட ஒருவர், மெல்ல மெல்லத் தேறி வருவது. இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பழைய கதை இருக்கு.

9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அரவான் களப்பலி வந்துவிடுகிறது. பின்னால் வில்லிபுத்தூராரும் அதைச் சொல்கிறார். அங்கே அரவான் கேட்கும் வரம், சாகும் முன் சில நாள் போரைப் பார்க்கணும் என்பது. கல்யாணம் அவன் கேட்ட வரம் இல்லை. கண்ணன் மோகினியாகி ஒரு ராத்திரிக்கு அவனுக்கு மனைவியானதைச் சேர்த்தது கூத்தும் கோயில் சடங்கும்தான். பெரிய கதை விட்ட இடத்தில் சனங்கள் ஒரு காதலை எழுதிச் செருகினார்கள். இன்றைக்கு ரசிகர்கள் செய்கிற வேலையும் இதேதான், இல்லையா?

உளுந்தூர்ப்பேட்டை பக்கத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அழுகளத்தில் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை. அந்த அழுகை அரவானுக்கு மட்டும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அண்ணன் அடித்தது, ஊர் விரட்டியது, போலீஸ் செய்தது எல்லாம் அந்த ஒப்பாரிக்குள்ளே போய்ச் சேர்கிறது. வீட்டில் அழ முடியாததை இங்கே நூறு பேரோடு சேர்ந்து அழலாம்.

மெர்சிடிஸ் லாக்கி 1989இல் எழுதிய ‘மேஜிக்ஸ் பான்’ நாவலும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. கடுமையான அப்பாவுக்குப் பிள்ளை வானியல். அவனுக்குக் கிடைக்கிற காதலன் பாதியிலேயே செத்துப்போகிறான். அவனைத் தேற்றுவது அடுத்த காதல் இல்லை. அத்தை ஒருத்தி, பிறகு காட்டுக்குள் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்கள். அந்த வரிசையின் மூன்றாவது நாவலுக்கு லாம்ப்டா விருது கிடைத்தது.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. காதலன் வந்து கட்டிப்பிடித்தால் காயம் ஆறிடும் என்று சொல்பவை ஏராளம். எனக்கு அவற்றின் மேல் சந்தேகம் உண்டு. அடித்தவனே திருந்திக் காதலனாகிற கதைகள் இன்னும் மோசம். வீட்டில் அடி வாங்குகிற பதினேழு வயசுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, பொறுத்துக்கிட்டா அன்பு வரும்னு நம்பிடும்.

நிஜத்தில் ஆறினது எப்படின்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர் லிவிங் ஸ்மைல் வித்யா. அவருடைய ‘நான், வித்யா’ 2007இல் வந்தது. அப்பாவின் அடி, புனே ரயில்களில் கையேந்தியது, அறுவைச் சிகிச்சை, பிறகு மதுரையில் வேலை என்று போகிறது புத்தகம். அதில் இளவரசன் யாரும் வரவில்லை. சக திருநங்கைகள் வருகிறார்கள், சில நண்பர்கள் வருகிறார்கள், கடைசியில் ஒரு சம்பளம் வருகிறது. நாமக்கல் பக்கத்து ரேவதியின் ‘வெள்ளை மொழி’யிலும் அடிக்குப் பிறகு கைகொடுப்பது குருவும் சேலாக்களும்தான், அங்கேயும் சண்டை சச்சரவு இருந்தாலும்.

சட்டம் பின்னால்தான் வந்தது. 2014இல் நால்சா தீர்ப்பு, 2018இல் 377 தளர்ந்தது, 2021இல் ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சிகிச்சையும் அடிதான், வெள்ளைக் கோட்டு போட்ட அடி.

தமிழில் இந்த வகை மாயக்கதை எழுத நினைக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். காதலனை எழுதுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அவன் போன பிறகு கூட உட்கார்ந்து அழ நாலு பேரையும் எழுதுங்க. மறுநாள் காலையில் சோறு போடுகிறவளையும்.